படிப்பித்த காசு

என்னுடைய பட்டப்படிப்புக்கு 1 இலட்சத்து 26 ஆயிரத்து 400 ரூபா செலவாகியிருக்கிறது. இந்தக் கணக்கை நான் அறிந்துகொண்டது 2025 ஆம் ஆண்டில், பட்டம் பெற்று இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர். அதுவரை எவர் கேட்டாலும் நான் இலவசக் கல்வியில் படித்தவன் என்றுதான் சொல்லிவந்தேன். அதைச் சொல்லும்போது மனத்தில் இருந்த பெருமையும் நன்றியும் உண்மையானவை.

கணக்கு அக்காவின் கொப்பியில் இருந்தது. நாற்பது தாள் கொண்ட பாடசாலைக் கொப்பி அது. மட்டையின் மேல் "தம்பி" என்ற ஒரு சொல் மட்டும் எழுதப்பட்டிருந்தது. உள்ளே, 1998 நவம்பர் தொடங்கி 2003 ஜனவரி வரை, ஒவ்வொரு பதிவும் ஒரே ஒழுங்கில்: திகதி, தொகை, காரணம். பெரும்பாலானவற்றின் எதிரே "காசுக்கட்டளை" என்றும், சிலவற்றின் எதிரே "கப்பல்", "கல்குலேற்றர்", "போட்டோகொப்பி", "காய்ச்சல், மருந்து" என்றும் எழுதியிருந்தார். முதற்பக்கத்தில், எல்லாவற்றுக்கும் முன்னால், சோடிக் காப்பு அடகு வைத்த விபரம். அந்தக் காப்பு மீட்கப்படவில்லை என்பதும் பின்பக்கம் ஒன்றில் ஒரே வரியில் இருந்தது: "ஏலத்தில் போய்விட்டது."

கண்டிக்கு அருகே உள்ள பேராதனையில் எனக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் எதுவும் இருக்கவில்லை. இந்த நாட்டில் அது பெரிய விடயம். அன்றைய கல்வி அமைச்சர் சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943 இல் அளித்த அறிக்கை, கீழ் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி கட்டணமின்றி வழங்கப்படவேண்டும் என்று பரிந்துரைத்தது. 1945 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் கிண்டிய ஒருவரின் மகன் பொறியியல் படித்தது அந்த ஏற்பாட்டினால்தான். ஆனால் கட்டணம் இல்லை என்பதற்கும் செலவு இல்லை என்பதற்கும் இடையில் ஒரு தூரம் இருக்கிறது. 1998 இல் அந்தத் தூரம் யாழ்ப்பாணத்திலிருந்து கப்பலில் திருகோணமலை சென்று, அங்கிருந்து பஸ்ஸில் கண்டி செல்லும் தூரமாக இருந்தது. போரினால் தரைப்பாதை மூடிக்கிடந்த காலம். பயண அனுமதிக்காகவும் கப்பல் இடத்துக்காகவும் நாட்கணக்கில் காத்திருந்து, இடையில் தங்கிச் சாப்பிட்டுப் போய்ச் சேர்வதற்குள், கையில் கொண்டுபோன பணத்தில் பாதி கரைந்துவிடும். மகாபொலப் புலமைப்பரிசில் சாப்பாட்டுக்கே போதாது. மிச்சத்தை ஐயா அனுப்புகிறார் என்று நான் நினைத்திருந்தேன். காசுக்கட்டளையில் அனுப்புநர் பெயராக ஐயாவின் பெயரே இருக்கும்.

அனுப்பியவர் அக்கா. எங்கள் வீட்டு விறாந்தையில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் வகுப்புப் பிள்ளைகளுக்கு அவர் ரியூசன் கொடுத்தார். இருபது, இருபத்திரண்டு பிள்ளைகள். ஒரு பிள்ளைக்கு மாதம் 100 ரூபா. இடப்பெயர்வு முடிந்து 1996 இல் தென்மராட்சியிலிருந்து வீடு திரும்பியதும் அவர் ஆரம்பித்த வேலை அது.

அக்காவும் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தவர். 1993 இல் உயர்தரம் எழுதி, தெற்கில் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றில் அவருக்கு இடம் வந்தது. அப்போது குடாநாட்டை விட்டு வெளியேறுவதென்றால் இரவில் கிளாலிக் கடனீரேரியைப் படகில் கடக்கவேண்டும். சுடப்பட்டு இறந்தவர்கள் இருந்தார்கள். பெண்பிள்ளையை அந்த வழியால் அனுப்பமாட்டேன் என்று ஐயா சொன்னதை நான் இன்றும் குறைசொல்ல மாட்டேன். ஆனால் ஐந்தாண்டு கழித்து, எனக்கு இடம் வந்தபோது, பயணத்தின் ஆபத்தும் செலவும் வீட்டில் தடையாகப் பேசப்படவில்லை. எப்படிச் சமாளிப்பது என்றே பேசப்பட்டது. 1974 இல் திருநெல்வேலியில், இராமநாதன் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரி இருந்த வளவில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. சைக்கிளில் போய்ப் படித்துவிட்டு மாலையில் வீடு திரும்பலாம் என்பதால், "எங்கே தங்குவாள், ஆர் காசு கட்டுறது" என்ற கேள்வியே அவ்வீடுகளில் எழவில்லை. அக்காவுக்கு அந்த வாய்ப்பும் ஒரு பாடத்தெரிவினால் தவறிப்போனது.

இந்தக் கொப்பியை அக்கா இத்தனை காலமும் காட்டவில்லை. என் மகளின் பெறுபேறு வந்திராவிட்டால் இனியும் காட்டியிருக்கமாட்டார்.

மகள் 2024 உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவில் தோற்றினாள். 2025 ஏப்ரலில் பெறுபேறு வந்தது. மூன்று பாடங்களிலும் நல்ல சித்தி. பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி வெளியானபோது அவள் விரும்பிய துறைக்கு, அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி சிறிதளவு போதாமற் போயிற்று. இதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. இலங்கையில் பல்கலைக்கழகம் செல்லத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கிறது. மற்ற மூவரின் வீடுகளில், 1945 இல் தீர்ந்துவிட்டதாக நாம் நம்பும் கேள்வி புதிதாக எழுகிறது: இனிப் படிப்புக்குக் காசு கட்டுவது யார், பெற்றோரா, படிக்கிற பிள்ளையா?

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு ஒரு வாரத்துக்குள் உறவினர்களிடமிருந்து பல பதில்கள் வந்தன. கனடாவுக்கு மாணவர் விசாவில் அனுப்பும்படி ஒருவர் சொன்னார். 2024 ஜனவரி முதல், அந்த விசாவுக்கு விண்ணப்பிக்கும் மாணவர் கல்விக் கட்டணத்துக்கும் பயணச் செலவுக்கும் அப்பால் 20,635 கனடிய டொலரை வாழ்க்கைச் செலவுக்காகக் காட்டவேண்டியிருந்தது. நம் பணத்தில் அது அப்போது ஏறக்குறைய 45 இலட்சம். காணியை விற்றால் முடியும் என்றார் அவர். அந்தக் காணி என் மனைவிக்குச் சீதனமாக வந்தது. அதை எழுதிக்கொடுத்தவர் இன்றும் உயிரோடு இருக்கும் அவருடைய தகப்பனார். 2022 இல் டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 வரை ஏறியபோது, பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்க அனுப்பியிருந்த எங்கள் அயல்வீடு ஒன்றில் இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு எதை விற்பதென்று நடந்த பேச்சைக் காதாரக் கேட்டவன் நான். ஆகவே அந்த யோசனையை நான் நீண்டநேரம் கருதவில்லை.

இலண்டனில் இருக்கும் மச்சான் வேறு விதமாகச் சொன்னார். இங்கிலாந்தில் அந்நாட்டு மாணவருக்குப் பல்கலைக்கழகக் கட்டணம் 2025 இல் ஆண்டுக்கு 9,535 பவுண்; ஆனால் அதைப் பெற்றோர் கட்டவேண்டியதில்லை, பிள்ளையின் பெயரில் கடன், ஆண்டுக்கு 25,000 பவுணுக்கு மேல் உழைக்கும்போது மேலதிகத் தொகையில் நூற்றுக்கு 9 வீதம் பிடிப்பார்கள், நாற்பது ஆண்டில் தீராத மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள் என்று விளக்கினார். "படிக்கிறது அவை, கட்டுறதும் அவைதான். தாய் தகப்பன் ஏன் இடையிலை?" என்பது அவருடைய நியாயம். அந்த ஏற்பாட்டில் எனக்கு ஒரு மரியாதை உண்டு. உழைப்பு வந்தாற்தான் கடன் கழுத்தைப் பிடிக்கும். ஆனால் யாழ்ப்பாணத்தில் பத்தொன்பது வயதுப் பிள்ளை கட்டட்டும் என்று சொல்வதற்கு வேறு பொருள் வந்துவிடும். இங்கே வகுப்பு முடிந்து நான்கு மணித்தியாலம் வேலைசெய்து கட்டணம் கட்டக்கூடிய வேலைகள் இல்லை. மாணவர் கட்டுவது என்றால் எதிர்காலத்தில் உழைக்கப்போகும் மாணவர் கட்டுவது என்றே கொள்ளவேண்டும். அந்த எதிர்காலத்துக்கு இன்று பிணை நிற்பது திரும்பவும் குடும்பந்தான்.

மறுபுறத்தில், பெற்றோர் கட்டவேண்டும் என்று சொல்வதும் இங்கே அவ்வளவு நேரான கூற்று அல்ல. ஏன் அல்ல என்பதை எனக்குக் காட்டியது அக்காவின் கொப்பி.

நம்மூரில் யார் பிள்ளையைப் படிப்பித்தார்களோ அவர்களுக்குப் பிள்ளைமேல் ஓர் உரிமை வந்துவிடுகிறது. இது புதிதல்ல. 1823 இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரியைத் தொடங்கியபோது, பிள்ளைகளுக்குப் படிப்பும் உணவும் உடையும் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையின் செலவை ஏற்றுக்கொண்ட அமெரிக்க நன்கொடையாளரின் பெயரை அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கம் இருந்தது. 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாகச் சித்தியடைந்த இருவரும் அந்தச் செமினரியில் படித்த நம்மவர்களே. அவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம்பிள்ளை, மற்றவர் கறல் விசுவநாதபிள்ளை. தமிழ்ப் பெயருக்கு முன்னால் நிற்கும் அந்தக் "கறல்" என்ற சொல்லை நான் பல ஆண்டுகளாக யோசிக்காமலே கடந்துவந்திருக்கிறேன். அதே வகையான முன்னொட்டு, கண்ணுக்குத் தெரியாமல், எங்கள் ஒவ்வொருவரின் பெயருக்கு முன்னாலும் இருக்கிறது என்றே இப்போது நினைக்கிறேன்.

என் விடயத்தில் அந்த உரிமை எப்படி வசூலிக்கப்பட்டது என்பதை மறைக்காமல் எழுதவேண்டும். 2003 இல் எனக்கு அரச நியமனம் கிடைத்தது. அடுத்த ஆண்டு கலியாணம் பேசினார்கள். பெண்வீட்டாரிடம் சீதனத்துக்கு மேலாக மாப்பிள்ளை வீட்டுக்கென்று ரொக்கமாக ஒரு தொகை கேட்கப்பட்டது. இங்கே அதை டொனேசன் என்று சொல்வார்கள். தரகர் அதற்குச் சொன்ன காரணம் எனக்கு முன்னாலேயே சொல்லப்பட்டது: "பெடியனைப் படிப்பிக்கத் தாய் தகப்பன் எவ்வளவு செலவழிச்சிருப்பினம்." நான் பேசாமல் இருந்தேன். பொதுமக்களின் வரிப்பணத்தில் பெற்ற பட்டம். மிச்சச் செலவை ஐயாவும் செய்யவில்லை, அக்கா செய்தார். ஆனால் அந்தச் செலவுக்கு ஈடாக என் மாமனார் ஐந்து இலட்சம் கொடுத்தார். அந்த ஐந்து இலட்சம் அப்படியே அக்காவின் கலியாணத்துக்கு டொனேசனாகப் போயிற்று.

அன்று வீட்டில் எல்லோரும், நான் உட்பட, கணக்குச் சரிவந்துவிட்டதாகவே நினைத்தோம். தம்பியைப் படிப்பித்த அக்காவுக்குத் தம்பியின் படிப்பாலேயே வாழ்வு அமைந்தது என்று ஐயா ஊராருக்குச் சொன்னார். சரிவரவில்லை என்பது கொப்பியைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அக்கா உழைத்த பணம் அவர் கைக்குத் திரும்பி வரவேயில்லை. அது அத்தானின் பெற்றோரிடம் சென்றது. ஒரு பெண்ணின் காப்பில் தொடங்கி, இன்னொரு பெண்ணின் தகப்பன் பட்ட கடனில் வளர்ந்து, மூன்றாவது வீடொன்றின் செலவில் முடிந்தது. இடையில் பட்டம் பெற்றவன் நான் ஒருவன் மட்டும் ஒரு சதமும் கட்டவில்லை.

இது எங்கள் வீட்டின் தனிக்குணம் என்று நான் எண்ணவில்லை. ஒல்லாந்தர் காலத்தில், 1707 இல், யாழ்ப்பாணத் திசாவையாக, அதாவது நிர்வாக அதிகாரியாக, இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் தொகுத்த தேசவழமை என்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டத்திலேயே இதன் அடிக்கட்டு இருக்கிறது: மணமாகாத காலத்தில் ஆண்மக்கள் உழைத்தவை குடும்பத்தின் பொதுச்சொத்தில் சேரவேண்டும், பெண்மக்களுக்குச் சீதனம் கொடுக்கப்படவேண்டும். ஆண்பிள்ளையின் உழைப்பு சகோதரிகளுக்குரியது என்ற எண்ணம் அவ்வளவு பழையது. அதில் ஓர் அன்பும் இருக்கிறது. தங்கைமார் இருவருக்குக் கலியாணம் முடித்துவிட்டு நாற்பது வயதில் மணம் செய்தவர்களை எனக்கு நேரில் தெரியும். ஆனால் அந்த வழமையில் பெண்பிள்ளை உழைப்பாள், அவளுடைய உழைப்பில் ஆண்பிள்ளை படிப்பான் என்பதற்கு ஓர் ஏடு இல்லை. அதனால்தான் அக்கா தானே ஒரு கொப்பி வைத்துக்கொண்டார்.

"தம்பி, காசு கேக்கிறதுக்கு நான் இதைக் காட்டேல்லை. நீ பிள்ளையின்ரை படிப்புக்கு ஆரிட்டை வாங்கப்போறாய் எண்டு தெரியாமல் முழிச்சுக்கொண்டிருக்கிறாய். ஆரிட்டை வாங்கினாலும் அவளுக்குத் தெரியவேணும், அவ்வளவுதான்" என்றார் அக்கா.

எனக்குத் தெரிந்திருந்தால் நான் வேறு விதமாகப் படித்திருப்பேனா என்று பலமுறை யோசித்துப் பார்த்தேன். இரண்டாம் ஆண்டில் ஒரு பாடத்தை அசட்டையால் தவறவிட்டு, மறுபரீட்சைக்காக ஆறு மாதம் கூடுதலாகத் தங்கினேன். கொப்பியில் அந்த ஆறு மாதமும் தனித்தனி வரிகளாக இருக்கின்றன. தெரிந்திருந்தால் நிச்சயம் அது நடந்திராது. அதைவிட, டொனேசன் பேசப்பட்ட அன்று நான் வாய் திறந்திருப்பேன்.

ஆகவே என் முடிவுக்கு நான் வந்த வழி இதுதான். பெற்றோர் முதலில் கட்டவேண்டும். ஏனென்றால் பிள்ளையைப் பெற்று, பதின்மூன்று ஆண்டு பாடசாலைக்கும் அதற்கு மேலாக ரியூசனுக்கும் அனுப்பி, படிப்பைத் தவிர வேறெதற்கும் பழக்காமல் வளர்த்தவர்கள் நாங்கள். பதினெட்டு வயது முடிந்த அன்று கையை உதறிவிடுவது நேர்மை ஆகாது. ஆனால் பெற்றோர் தம்மிடம் இருப்பதிலிருந்து மட்டுமே கட்டவேண்டும். பாட்டன் எழுதிய காணி, அக்காவின் காப்பு, வெளிநாட்டில் இரண்டு வேலை செய்யும் தம்பியின் தூக்கம் ஆகியவை பெற்றோரிடம் இருப்பவை அல்ல. அந்த எல்லை முடியும் இடத்திலிருந்து பிள்ளை கட்டவேண்டும், தன் பெயரில், தனக்குத் தெரிந்த தொகையாக. அப்படிக் கட்டிய பிள்ளையிடம் எதைப் படிக்கவேண்டும், யாரை மணக்கவேண்டும், எந்த நாட்டில் இருக்கவேண்டும் என்று பின்னால் எவரும் வசூலுக்கு வரமுடியாது. நாங்களும் வரமுடியாது. எனக்கு இதுவே முதன்மையான காரணம்.

மகளை உட்காரவைத்து எங்கள் சம்பளத்தை முதன்முறையாகச் சொன்னோம். வீட்டுக்கடன் எவ்வளவு மிச்சம், அம்மாவின் மருந்துக்கு மாதம் எவ்வளவு போகிறது, நிலையான வைப்பில் எவ்வளவு இருக்கிறது, அதில் அவளுடைய தம்பியின் பங்காக எவ்வளவை ஒதுக்கவேண்டும் என்று எல்லாவற்றையும் எழுதிக்காட்டினோம். அவள் தெரிவுசெய்திருந்த தனியார் பட்டப்படிப்புக்கு நான்கு ஆண்டுக்கும் 18 இலட்சம். கொழும்பில் தங்குமிடமும் உணவும் புறம்பு. எங்களால் 10 இலட்சமும் மாதாந்தச் செலவும் முடியும். மிச்சத்துக்கு, அரச பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காத மாணவர்களுக்கென 2017 இல் தொடங்கிய வட்டியில்லாக் கடன் திட்டம் இருக்கிறது. வட்டியை அரசு வங்கிக்குச் செலுத்தும். முதலை மாணவர் படிப்பு முடிந்தபின் தவணையாகத் திருப்பிச் செலுத்தவேண்டும்.

அவள் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உயர்தொழில்நுட்பவியல் நிறுவனத்தில் உயர் தேசிய டிப்ளோமாவைக் கட்டணமில்லாமல் இங்கேயே படிக்கலாம், கொக்குவிலில் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் இருக்கிறது, அங்கே கட்டணம் இதைவிடக் குறைவு என்று அவளே விசாரித்துக்கொண்டு வந்தாள். இரண்டு வாரம் மூன்று வழிகளையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் முதலில் விரும்பியதையே தெரிவுசெய்தாள். ஆனால் அந்தத் தெரிவு இப்போது விலை தெரிந்த தெரிவு. வங்கியில் ஒப்பமிட்ட அன்று, கடன் எப்போது தீரும் என்பதை அலுவலரிடம் அவளே கேட்டாள். நான் அருகில் இருந்தேன்.

இந்த ஒழுங்கில் நான் நினையாத ஓர் இடத்தில் முள் குத்தியது. அக்கா ஒருநாள் மாலை 2 இலட்சம் ரூபாவைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தார், மருமகளின் படிப்புக்கென்று. நான் மறுத்தேன். நான் வரைந்துகொண்ட எல்லையின்படி அது சரி. அவரிடம் இன்னொரு முறை வாங்குவதைவிட எனக்குப் பெரிய வெட்கம் இல்லை. அக்காவின் முகம் மாறிவிட்டது.

"அண்டைக்கு நான் தந்ததைக் கடன் எண்டு நான் எப்ப சொன்னனான்? கணக்கு எழுதினனான், அது உண்மை. மறக்கக்கூடாது எண்டுதான் எழுதினனான், திருப்பித் தா எண்டில்லை. இப்ப வேண்டாமெண்டால் அப்ப நான் உங்களுக்கு ஆர்?"

என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. இப்போதும் முழுதாக இல்லை. கொடுப்பவரின் கையைத் தடுப்பதும் ஒரு வகை உரிமைப் பறிப்புத்தான் என்று அன்றிரவு மனைவி சொன்னார். ஆனாலும் அந்தப் பணத்தை நான் வாங்கவில்லை; அக்கா இரண்டு வாரம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை.

மகள் என்னிடம் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு மாமியிடம் போனாள். மடிகணினி வாங்க 75,000 ரூபா கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். அவளும் ஒரு கொப்பி தொடங்கியிருக்கிறாள். முதல் மூன்று வரிகளில் எங்களுடைய முதற் தவணைப் பணம், வங்கிக் கடன், மாமியின் பணம் ஆகியவை திகதியோடு இருக்கின்றன. திருப்பிக் கொடுக்கும் விதம் என்று ஒரு நிரல் போட்டிருக்கிறாள். வங்கிக்கு நேரே தவணைத் தொகை. எங்களுக்கு நேரே அவள் எதையும் எழுதவில்லை, நாங்கள் எழுதவேண்டாம் என்று சொன்னதால். மாமிக்கு நேரே அக்காவின் கையெழுத்திலேயே "வேண்டாம்" என்று இருக்கிறது. அதன் கீழே, மகளின் எழுத்தில், "கேட்டு வாங்கியது" என்று இருக்கிறது.